அப்பாவோட ராக்கெட்... அம்மாவோட சாவி!

போன வாரம் லேப் எக்ஸ்டர்னல் பத்தி எழுதினதுக்கு எங்க டிபார்ட்மென்ட்ல ஏகப்பட்ட 'பாராட்டு'! 'இனிமே உன் ரெக்கார்ட் நோட்டுல எப்படி சைன் வாங்கறேன்னு பார்க்கறேன்'ங்கற ரேஞ்சுக்குப் பாராட்டு. அதனால இந்த வாரம் காலேஜ் பக்கமே தலை வெச்சுப் படுக்கப் போறதில்லை. முழுக்க முழுக்க வீட்டு மேட்டர்தான்.

விஷயம் இதுதான். எங்க வீட்டு ஸ்போர்ட்ஸ் காரை வித்துட்டோம். அதுக்குப் பதிலா பெட்ரோல் கம்மியா குடிக்கற, வீட்டுக்கு உபயோகமான ஒரு வண்டி வந்திருக்கு. வித்ததுக்குக் காரணம் யாருன்னு கேட்டீங்கன்னா... ஹிஹி, நான்தான். அதான் ரெண்டு வாரமா சோறு இறங்கலை.

'குருசுக்குப்பத்துல, மீன் வலை காயற சந்துல, உங்க வீட்டுல ஸ்போர்ட்ஸ் காரா?'ன்னு நீங்க சிரிக்கறது கேக்குது. இருங்க பாஸ். எங்க ஊர் நம்பரான பி.ஒய். 01 போட்ட ஸ்போர்ட்ஸ் கார் நிறைய உண்டு. ஆனா அதுல பாதி இந்த ஊர்க் கடலைப் பார்த்ததே கிடையாது. இங்கே வாகன வரி கம்மிங்கறதால, வெளியூர் பெரிய மனுஷங்க புதுச்சேரி அட்ரஸ் கொடுத்து சொகுசு கார்களை ரிஜிஸ்டர் பண்ணிட்டு கேரளாவுல ஓட்டிக்கிட்டிருந்தாங்கன்னு 2017-ல பெரிய சர்ச்சையே ஆச்சு, ஞாபகம் இருக்கா? அந்தக் கார் எல்லாம் எங்க தெருவுக்குள்ளே நுழையக்கூட முடியாது. எங்க தெருவுக்குன்னு ஒரு ஸ்போர்ட்ஸ் கார் உண்டு. அதுக்கு ரெண்டே சக்கரம். பேரு யமஹா ஆர்எக்ஸ் 100.

இப்ப உங்க அப்பா, சித்தப்பா, பெரியப்பால்லாம் ஒரு பெருமூச்சு விட்டிருப்பாங்களே!

மூத்த பிள்ளை

1980-களோட நடுவுல இந்தியாவுக்குள்ளே நாலு ஜப்பான் கம்பெனிகள் அடுத்தடுத்து வந்து இறங்கின. நம்ம ஓசூர்ல டிவிஎஸ்காரங்களோட சுஸுகி, ஹீரோவோட ஹோண்டா, எஸ்கார்ட்ஸோட யமஹா, பஜாஜோட கவாஸாகி. நாலும் 100 சிசி பைக் செஞ்சாங்க. அதுவரைக்கும் ராஜ்தூத், எஸ்டி, புல்லட்னு கனமான இரும்பையே பார்த்துப் பழகின பசங்களுக்கு இது புது உலகம்.

யமஹா ஆர்எக்ஸ் 100 வந்தது 1985 கடைசியில. 98 சிசி, டூ ஸ்ட்ரோக், 11 குதிரை சக்தி. வண்டி எடை நூறு கிலோ சுமார். எங்க மெக்கானிக்கல் பாஷையில சொன்னா, பவருக்கும் எடைக்கும் உள்ள விகிதம் அட்டகாசம். எங்க அப்பா பாஷையில சொன்னா, 'சிக்னல்ல பச்சை விழுந்தா பக்கத்து வண்டிக்காரன் ரிவர்ஸ்ல போற மாதிரி தெரியும்.'

அப்பா இதை வாங்கினது 1994-ல. அப்ப அவருக்கு இருபத்தி மூணு வயசு. மேட்டுப்பாளையம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல ஒரு கம்பெனியில ஃபிட்டரா சேர்ந்த புதுசு. சீட்டு கட்டி, ஆயாவோட ரெண்டு வளையலை அடகு வெச்சு, பீகாக் நீலக் கலர்ல எடுத்திருக்கார். அடுத்த ரெண்டே வருஷத்துல, 1996-ல, ஆர்எக்ஸ் 100 தயாரிப்பையே நிறுத்திட்டாங்க. 'கடைசி பெட்டி ரயிலைப் பிடிச்ச மாதிரி பிடிச்சேன்'னு இன்னிக்கும் பெருமை பேசுவார்.

எங்க வீட்டுலேர்ந்து கடல் கூப்பிடு தூரம். உப்புக் காத்து குரோமியத்தைத் தின்னுடும். அதனால ஞாயித்துக்கிழமை காலையில அப்பா தேங்காய் எண்ணெய் நனைச்ச துணியோட வண்டி பக்கத்துல உக்காந்துடுவார். நான் பொறந்தப்போ எனக்கு எண்ணெய் தேய்ச்சு விட்டதைவிட அதுக்குத் தேய்ச்சதுதான் ஜாஸ்தின்னு அம்மா சொல்லுவாங்க. அது மூத்த பிள்ளை, நான் ரெண்டாவது. நோ பொறாமை!

ஏன்னா அந்த வண்டி எனக்குன்னு எழுதி வெச்ச சொத்து. பதினெட்டு முடிஞ்ச மறுநாளே எல்.எல்.ஆர். எடுத்து, கியர் வண்டின்னா அதுலதான் கத்துக்கிட்டேன். 'நீ படிச்சு முடிச்சு வேலைக்குப் போற அன்னிக்கு சாவி உன் கையில பாப்பா'ன்னு அப்பா எத்தனை தடவை சொல்லியிருப்பார் தெரியுமா? கிளாஸ்ல பசங்க எல்லாம் மெர்சலாகி நின்னதை வெச்சே நான் ஒரு செமஸ்டர் ஓட்டியிருக்கேன்.

அந்த சத்தத்துக்குப் பின்னாடி...

ஆர்எக்ஸோட சத்தத்துக்கும் இழுவைக்கும் காரணம் ஒண்ணுதான். நாம ஓட்டற சாதாரண நாலு ஸ்ட்ரோக் பைக்ல, கிராங்க் ரெண்டு சுத்து சுத்தினா ஒரு தடவைதான் எரிஞ்சு பவர் வரும். டூ ஸ்ட்ரோக்ல ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு தடவை. அதான் அந்தப் பாய்ச்சல்.

ஆனா அதுக்கு ஒரு விலை இருக்கு. எரிஞ்ச புகையை வெளியே தள்றதும், புதுசா பெட்ரோல் கலந்த காத்தை உள்ளே விடறதும் கிட்டத்தட்ட ஒரே நேரத்துல நடக்கும். வாலெல்லாம் கிடையாது, சிலிண்டர் சுவத்துல ஓட்டைகள்தான். ரெண்டு ஓட்டையும் திறந்திருக்கற அந்தக் கண நேரத்துல, புதுசா வந்த பெட்ரோல்ல ஒரு பங்கு எரியாமலே சைலன்சர் வழியா டாட்டா காட்டிட்டுப் போயிடும். நாம காசு கொடுத்து வாங்கின பெட்ரோலை, நாமளே காத்துல தெளிச்சுக்கிட்டுப் போறோம். கூடவே இன்ஜினுக்கு வழுவழுப்பு வேணும்னு டூ-டி ஆயிலும் எரியுது. அந்த நீலப் புகையும் வாசனையும் அதுதான். (எங்களுக்கு வாசனை. பின்னாடி வர்றவங்களுக்கு என்னன்னு கேக்காதீங்க.)

அதே 1985-ல வந்த ஹீரோ ஹோண்டா சிடி 100, இதுக்கு நேர் எதிர். நாலு ஸ்ட்ரோக். பவர் கம்மி. ஆனா 'நிரப்பு, மூடு, மறந்துடு'ன்னு ஒரே விளம்பரத்துல இந்தியாவையே வளைச்சுப் போட்டுச்சு. 1994-ல ஸ்பிளெண்டர் வந்ததும் கதை முடிஞ்சது. தமிழ்நாடு, புதுச்சேரி பூரா ஆர்எக்ஸும் சுஸுகியும் ஷெட்டுக்குப் போக, வீட்டுக்கு வீடு ஸ்பிளெண்டர். புகைக் கட்டுப்பாட்டு விதிகளும் வருஷத்துக்கு வருஷம் இறுகிக்கிட்டே வந்ததுல, ஆர்எக்ஸோட தம்பி ஆர்எக்ஸ் 135-ம் 2005-ல மூட்டை கட்டிடுச்சு. ஜோடியா வந்த ஹீரோவும் ஹோண்டாவுமே 2010 டிசம்பர்ல பிரியறதா அறிவிச்சுட்டாங்க. எங்க அப்பாவும் ஆர்எக்ஸும் பிரியலை!

அப்பாவோட கம்பெனி ஃப்ரெண்ட்ஸ் அத்தனை பேரும் மாத்தினாங்க. 'மைலேஜ் பார்த்து வண்டி ஓட்டறவன், விலை பார்த்து பிரியாணி சாப்பிடறவன்'னு அப்பா அவங்களை ஓட்டிக்கிட்டே இருப்பார். பெட்ரோல் விலை தினமும் மாறுதே, அந்த முறையை நாடு முழுக்கக் கொண்டு வர்றதுக்கு முன்னாடி 2017 மே மாசம் அஞ்சு ஊர்ல சோதனை பண்ணினாங்க. அதுல ஒண்ணு எங்க புதுச்சேரி. தெருவே பங்க் போர்டை அண்ணாந்து பார்த்துக்கிட்டுப் போச்சு. அப்பா மட்டும் பார்க்கலை. 'நம்ம ஊருலதான் தமிழ்நாட்டைவிட கம்மியாச்சே, அப்புறம் என்ன?'ங்கறதுதான் அவரோட பொருளாதாரக் கொள்கை. கோட்டக்குப்பத்துலேர்ந்து எல்லை தாண்டி வந்து இங்கே டேங்க் நிரப்பிட்டுப் போறவங்களைப் பார்த்து அவருக்கு ஒரு அல்ப சந்தோஷம் வேற.

ஆயா விழுந்தாங்க

எல்லாம் நல்லாத்தான் போய்க்கிட்டிருந்தது, போன ஆடி மாசம் ஆயா பாத்ரூம்ல வழுக்கி விழற வரைக்கும்.

முட்டி. ஆபரேஷன். 'ஒரு வருஷத்துக்கு வாரம் மூணு நாள் பிசியோதெரபிக்கு வரணும்'னு சொல்லிட்டாங்க. ஜிப்மர் இருக்கறது கோரிமேட்டுல. ஆயாவால பஸ் படி ஏற முடியாது. பகல்ல அப்பா கம்பெனியில. நான் காலாப்பட்டுப் பக்கம் காலேஜ்ல. அம்மா வீட்டுல தையல். ஆக, ஆட்டோ. போக வர 300 ரூபாய். வாரம் மூணு, மாசம் பன்னிரண்டு. 3,600 ரூபாய்.

மூணு மாசம் கழிச்சு ஒரு நாள் ராத்திரி, அம்மா தையல் கணக்கு நோட்டைக் கொண்டு வந்து அப்பா முன்னாடி வெச்சாங்க. ஒண்ணும் பேசலை. அதுல ரெண்டு பக்கம் பூரா 'ஆட்டோ 300, ஆட்டோ 300'ன்னே எழுதியிருந்தது. கடைசி வரியில என்னோட செமஸ்டர் ஃபீஸ். பக்கத்துல ஒரு கேள்விக்குறி.

அப்பா ரொம்ப நேரம் நோட்டையே பார்த்துட்டு, 'சரி, வண்டியைக் கொடுத்துட்டு மைலேஜ் வண்டி ஒண்ணு எடுத்துடலாம். லிட்டருக்கு எழுவது கொடுக்கற வண்டியா பார்ப்போம்'னார். முப்பது வருஷமா அவர் வாயில வராத வார்த்தை, மைலேஜ்!

நான் பதறிட்டேன். என் சொத்தாச்சே! 'இருங்கப்பா, நான் கணக்கு போட்டுச் சொல்றேன். மாத்தினா நஷ்டம்னு நிரூபிச்சுக் காட்டறேன்'னு சவால் விட்டேன். இன்ஜினீயரிங் படிக்கற திமிர். அங்கேதான் எனக்கு சனி பிடிச்சது.

என் கணக்கு... என் வினை!

நீங்களும் பேப்பர் பேனா எடுத்துக்கங்க. எங்க வீட்டு ஓட்டம் மாசம் 600 கிலோமீட்டர்னு வெச்சுக்குவோம். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், கணக்கு சுலபத்துக்கு.

எங்க ஆர்எக்ஸ், இந்த வயசுல லிட்டருக்கு 30. மாசம் 20 லிட்டர்.

நடுத்தரமா ஒரு ஸ்கூட்டர், லிட்டருக்கு 50. மாசம் 12 லிட்டர்.

நல்ல மைலேஜ் பைக், லிட்டருக்கு 70. மாசம் எட்டரை லிட்டர் சொச்சம்.

நல்லாப் பாருங்க. 30-லேர்ந்து 50-க்குப் போனா 20 கூடுது. 50-லேர்ந்து 70-க்குப் போனாலும் அதே 20-தான் கூடுது. ஆனா முதல் 20 மிச்சம் பண்றது 8 லிட்டர். ரெண்டாவது 20 மிச்சம் பண்றது வெறும் மூணரை லிட்டருக்கும் கம்மி! 'லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்'னு கேக்கறதுல இருக்கற மாயம் இது. அமெரிக்காவுல டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லாரிக், சோல்னு ரெண்டு பேர் 2008-ல 'சயின்ஸ்' இதழ்ல இதைத்தான் எழுதினாங்க. ஜனங்க மைலேஜ் நம்பரைப் பார்த்து ஏமாந்து போறாங்க, 'இத்தனை தூரத்துக்கு எத்தனை லிட்டர்'னு தலைகீழா கேட்டாத்தான் உண்மை புரியும்னு. அங்கே காலன், மைல். இங்கே லிட்டர், கிலோமீட்டர். ஏமாறுறது மட்டும் ஒண்ணுதான்.

இதுவரைக்கும் எனக்குக் கொண்டாட்டம். ஏன்னா அடுத்த வரி எனக்கு சாதகம். ஸ்கூட்டர் எடுத்தா மாசம் 8 லிட்டர், அதாவது 800 ரூபாய்தான் மிச்சம். புது ஸ்கூட்டர் கிட்டத்தட்ட ஒரு லட்சம். 2025 செப்டம்பர்ல 350 சிசி வரைக்கும் உள்ள டூவீலருக்கு ஜிஎஸ்டியை 28-லேர்ந்து 18 சதவீதமா குறைச்ச பிறகும்தான். ஒரு லட்சத்தை 800-ஆல வகுத்தா 125 மாசம். பத்து வருஷத்துக்கு மேல! 'பார்த்தீங்களாப்பா? பெட்ரோலை மிச்சம் பிடிக்கறேன்னு புது வண்டி வாங்கறது சுத்த முட்டாள்தனம்'னு பேப்பரைத் தட்டினேன். அப்பா முகத்துல ஆயிரம் வாட்ஸ் பல்பு.

அப்பத்தான் கட்டில்லேர்ந்து ஆயா குரல் வந்துச்சு.

'ஏண்டி... ஆட்டோக் காச எந்தக் கணக்குல எழுதன?'

எழுதலைதான்.

'எழுதினா மட்டும் என்ன ஆயா? மைலேஜ் பைக்கா இருந்தாலும் அப்பாதானே ஓட்டணும்? அவரு பகல்ல கம்பெனியிலதான...'ன்னு இழுத்தேன்.

அம்மா மெஷினை நிறுத்தினாங்க. 'ஸ்கூட்டரா இருந்தா நான் ஓட்டுவேன்'னாங்க.

எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். அம்மாவுக்கு நாப்பத்தி ஏழு வயசு. சைக்கிள்கூட ஓட்டி நாங்க பார்த்தது கிடையாது. 'இருபத்தஞ்சு வருஷமா பின்னாடி ஒருசாய்ச்சே உக்காந்துட்டு வர்றேன். எத்தனை புடவையில எண்ணெய்ப் புள்ளி இருக்கு பாக்கறீங்களா? கோட்டக்குப்பத்துல என் தங்கச்சி ஓட்டறா. நான் ஓட்ட மாட்டனா?'

சித்தி தமிழ்நாட்டுப் பக்கம். 2018-ல தமிழ்நாடு அரசு தொடங்கின அம்மா இருசக்கர வாகனத் திட்டத்துல, வேலைக்குப் போற பெண்களுக்குப் பாதி விலை, அதிகபட்சம் 25,000 ரூபாய்னு மானியம் கொடுத்தாங்களே, அதுல வாங்கினாங்க. நடுவுல ஒரு எல்லைக்கோடு இருந்ததால எங்க அம்மாவுக்குக் கிடைக்கலை. அந்த ஆசை ஏழெட்டு வருஷமா மனசுல கிடந்திருக்கு. ஒரே வீட்டுல இருந்த எங்க ரெண்டு பேருக்கும் தெரியலை.

பேனாவை மறுபடி எடுத்தேன். பெட்ரோல்ல 800. ஆட்டோவுல 3,600. மொத்தம் 4,400. பெருசா மிச்சமாகறது டேங்க்லேர்ந்து இல்லை. வண்டி ஓட்டத் தெரிஞ்ச இன்னொரு ஆள்கிட்டேயிருந்து! என் கணக்கே என் சொத்தை முழுங்கிடுச்சு.

'அம்மா ஸ்கூட்டரை எடுத்துட்டா நான் எதுல கம்பெனிக்குப் போறது?'ன்னு அப்பா கடைசி ஆயுதத்தை எடுத்தார். அம்மா அமைதியா, 'அஜந்தா சிக்னல்ல உங்க கம்பெனி பஸ் வருதுல்ல? இருபது வருஷமா வருதுல்ல?'ன்னாங்க. கேஸ் குளோஸ்.

ஒரு நியாயத்துக்குச் சொல்லணும். கரண்ட் ஸ்கூட்டரையும் பார்த்தோம். நம்ம ஓசூர், கிருஷ்ணகிரி பக்கமே வரிசையா செய்யறாங்க. 600 கிலோமீட்டருக்கு சுமார் 20 யூனிட், இருநூறு ரூபாயைத் தாண்டாது. கணக்குல அதுதான் ஃபர்ஸ்ட் ரேங்க். ஆனா நாங்க மாடியில வாடகைக்கு இருக்கோம், வண்டி தெருவுல நிக்குது, கீழே பிளக் போட ஹவுஸ் ஓனர் ஒத்துக்கலை. ஒரு பிளக் பாயின்ட்ல தோத்துப் போச்சு. சொந்த வீடு, வாசல்ல பிளக்குன்னு இருக்கறவங்க இதை முதல்ல யோசிங்க.

எட்டாயிரமா?

எக்ஸ்சேஞ்ச் ஆஃபர்னு போர்டு போட்ட ஒரு ஷோரூமுக்குப் போனோம். ஒரு அண்ணன் வந்து ஆர்எக்ஸைச் சுத்திப் பார்த்தார். சீட்டைக்கூடத் தொடலை. 'எட்டாயிரம் போட்டுக்கலாம் சார். இரும்பு வெயிட்டுதான்'னார்.

அப்பா ஒண்ணும் சொல்லாம கிக்கரை உதைச்சார். ஒரே உதை. வெளியே வந்ததும், 'அடிமாட்டுக்கு அனுப்ப நான் வளக்கலை'ன்னார். அவ்வளவுதான் பேசினார்.

அப்ப எனக்கு ஒரு பழைய சேதி ஞாபகம் வந்துச்சு. 2009-ல அமெரிக்காவுல அரசாங்கமே ஒரு எக்ஸ்சேஞ்ச் மேளா நடத்துச்சு. அங்கே காலனுக்கு 18 மைல், நம்ம கணக்குல லிட்டருக்கு ஏழரை கிலோமீட்டர் சொச்சம், அதுக்கு மேல கொடுக்காத பழைய காரைக் கொண்டு வந்தா, சிக்கனமான புதுக் கார் வாங்க 3,500 இல்லேன்னா 4,500 டாலர் தள்ளுபடி. ஜூலை, ஆகஸ்ட்னு சில வாரத்துலேயே 6 லட்சத்து 70 ஆயிரத்துக்கு மேல கார்கள் குவிஞ்சது. அந்தப் பழைய கார்கள் மறுபடி ரோட்டுக்கு வந்துடக்கூடாதுன்னு, இன்ஜின் ஆயிலை வடிச்சுட்டு சோடியம் சிலிகேட் கரைசலை ஊத்தி ஓட விடுவாங்க. சூட்டுல தண்ணி ஆவியாகி, உள்ளே கண்ணாடி மாதிரி இறுகி, சில நிமிஷத்துல இன்ஜின் செத்துடும். கொலைதான்! புகையைக் குறைக்க அது தேவைன்னு என் மூளை ஒத்துக்குது. அதே தெருவுல அப்பா நின்னுக்கிட்டு இருக்கறப்போ அதை வாய் விட்டுச் சொல்ல முடியலை.

முத்தியால்பேட்டையில இருபது வருஷமா எங்க வண்டியைப் பார்க்கற மெக்கானிக் அண்ணன்கிட்ட போனோம். 'எட்டாயிரமா? சார், இப்ப ஆர்எக்ஸை ரெடி பண்ணி லட்சத்துக்கு மேல கேக்கறாங்க சார்!'னு தலையில அடிச்சுக்கிட்டார். ஒரே வாரத்துல விழுப்புரத்துலேர்ந்து ஒரு பையன் வந்தான். எங்க காலேஜ் சீனியர் வயசுதான் இருக்கும். வந்ததும் விலை கேக்கலை. கீழே உக்காந்து இன்ஜின் நம்பரைப் பார்த்தான், ஆர்சி புக்குல ரினியூவல் எது வரைக்கும் இருக்குன்னு பார்த்தான், சைலன்சர் ஒரிஜினலான்னு தட்டிப் பார்த்தான். அப்புறம் அப்பாகிட்ட, 'அங்கிள், தேங்காய் எண்ணெயா?'ன்னு கேட்டான்.

அப்பாவுக்கு அவனைப் பிடிச்சுப் போச்சு. 62,000-க்கு முடிஞ்சது. 'ஆர்சி பேரு மாத்தற வரைக்கும் வண்டி உன் கைக்கு வராது'ன்னு மட்டும் கறாரா சொல்லிட்டார். (இது உங்களுக்கும்தான் மக்களே. பேர் மாத்தாம வண்டியைக் கொடுத்துட்டு, யாரோ இடிச்ச கேஸுக்கு நீங்க கோர்ட் வாசல்ல நிக்காதீங்க.)

இப்ப கடைசி கணக்கு. ஒரு லட்சத்துல 62,000 போக 38,000. பெட்ரோல் மிச்சம் மட்டும்னா நாலு வருஷம் ஆகும் எடுக்க. ஆட்டோவையும் சேர்த்தா ஒன்பது மாசத்துக்குள்ளே முடிஞ்சுடும். ஷோரூம்ல எட்டாயிரத்துக்கு தலையாட்டியிருந்தா? பெட்ரோல் மிச்சத்துல 92,000 எடுக்க ஒன்பதரை வருஷம். பழைய வண்டியை என்ன விலைக்குக் கொடுக்கறோம்ங்கறதுதான், புது வண்டியோட மைலேஜைவிட பெரிய நம்பர்.

கடைசி ரவுண்டு

கொடுக்கறதுக்கு முந்தின நாள் சாயங்காலம், 'ஏறு பாப்பா'ன்னார் அப்பா. பீச் ரோட்டுல ஆறு மணிக்கு மேல வண்டி விட மாட்டாங்க, அதனால ஈசிஆர். கோட்டக்குப்பம் தாண்டி தமிழ்நாட்டுக்குள்ளே போயி, மறுபடி காலாப்பட்டுல புதுச்சேரிக்குள்ளே வந்து, நான் தினமும் காலேஜ் போற அதே ரோடு. பாதியில நிறுத்தி என்னை ஓட்டச் சொன்னார். பின்னாடி உக்காந்தவர் ஒரு வார்த்தை பேசலை. மூணாவது கியர்ல கொஞ்சம் முறுக்கினேன். 'ம்'னார். அவ்வளவுதான்.

திரும்பி வந்து சாவியை என்கிட்டேயே வாங்கிக்கிட்டு, 'சொன்ன மாதிரி உன் கையில கொடுக்க முடியலையேம்மா'ன்னார். 'கணக்கு போட்டதே நான்தானேப்பா'ன்னேன். ரெண்டு பேருமே கொஞ்ச நேரம் கடல் பக்கம் பார்த்துக்கிட்டு நின்னோம். உப்புக் காத்து கண்ணுல பட்டா எரியும், தெரியும்ல?

எட்டு போட்ட அம்மா

ஸ்கூட்டர் வந்து ஒரு மாசம் அம்மாவுக்கு எல்.எல்.ஆர். பீரியட். விடியக்காலை அஞ்சரைக்கு, வலைக்காரங்க கரைக்கு வர்றதுக்கு முன்னாடி, கடலோரத் தெருவுல டிரெய்னிங். கோச், அடியேன். முதல் நாள் பிரேக்குக்குப் பதிலா ஆக்சிலேட்டரைத் திருகி, காயப் போட்ட கருவாட்டு மேல ஏத்தினாங்க. கருவாட்டுக்காரப் பாட்டி திட்டின திட்டு, எந்த டிக்‌ஷனரியிலும் கிடையாது. அந்த ஒரு மாசம் நான் ரெண்டு பீரியட் கட் அடிச்சு ஆயாவை ஜிப்மருக்கு ஓட்டினேன். (அட்டெண்டன்ஸ் கேட்ட சார், நிஜக் காரணம் இதுதான் சார்!)

அப்புறம் டெஸ்ட். அம்மா காலை ஊன்றாம எட்டு போட்டாங்க. முதல் அட்டெம்ப்ட். நான் போட்டது ரெண்டாவது அட்டெம்ப்ட்லங்கறதை இந்த இடத்துல சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

போன திங்கட்கிழமை அம்மா ஹெல்மெட் மாட்டி, பின்னாடி ஆயாவுக்கும் மாட்டி விட்டு, முதல் தடவையா ரெண்டு பேரும் மட்டும் கிளம்பினாங்க. கியர் ஜெர்க் கிடையாது, உதைக்க வேண்டியதும் இல்லை. 'வலிக்குதா ஆயா?'ன்னேன். 'போடி... உங்கப்பன் வண்டியில நெஞ்சு வலிக்கும். இதுல ஒண்ணுமில்ல'ன்னாங்க. அப்பா அன்னிக்கு கம்பெனி பஸ்ஸுக்கு லேட்டாயிடுச்சு. தெருமுனை திரும்பற வரைக்கும் பார்த்துக்கிட்டே நின்னார். அப்புறம் ஓட வேண்டியதாப் போச்சு, அந்த முட்டியை வெச்சுக்கிட்டு!

சரி, உங்க வீட்டுலேயும் இந்தப் பேச்சு வரும். பல்ஸரோ, ஆர்எக்ஸோ, அண்ணன் ஆசையா வாங்கின டியூக்கோ, 'மைலேஜ் வண்டியா மாத்திடலாம்'னு யாராவது ஆரம்பிப்பாங்க. அப்ப லிட்டருக்கு எத்தனைன்னு கேக்காதீங்க. மாசத்துக்கு எத்தனை லிட்டர்னு கேளுங்க. பழைய வண்டி என்ன விலைக்குப் போகும்னு நாலு இடத்துல விசாரிங்க. முக்கியமா, இந்த வண்டியை வீட்டுல எத்தனை பேர் ஓட்ட முடியும்னு கேளுங்க. கேக்கறப்போ மெஷின் முன்னாடி குனிஞ்சு உக்காந்திருக்கறவங்களையும் பார்த்துக் கேளுங்க.

எல்லாருக்கும் லாபம். ஆயாவுக்கு பிசியோ, அம்மாவுக்கு சாவி, அப்பாவுக்கு பஸ்ல ஜன்னல் சீட்டு. எனக்கு? ஸ்கூட்டர் கேட்டா, 'இன்னிக்கு எனக்கு ஆர்டர் டெலிவரி இருக்கு, நீ பஸ்ல போ'ங்கறாங்க ஓனரம்மா. அதனால அடுத்த வாரக் கட்டுரை காலாப்பட்டு பஸ்ல ஃபுட்போர்டு பக்கத்துலேர்ந்து. டிக்கெட் எடுத்துட்டு வெயிட் பண்ணுங்க!